எல்லையை நான் பாத்துக்கறேன்

போன வருடம் ஆடி மாதம், இரண்டாவது வாரம். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரின் ரேஷன் கடைக்கு என்னை மாற்றியிருந்தார்கள். நான் அங்கே போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் நடந்தது இது. என் வீட்டுக்காரரிடம்கூட இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார். அந்த மனிதர் சிரிக்க ஆரம்பித்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருடமாக ரேஷன் கடையில் விற்பனையாளர். எனக்கு வாய் ஜாஸ்தி என்று எங்கள் ஊர் வடக்கனந்தல் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பொய்யில்லை. மெஷினில் கைரேகை விழாது, சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும், வரிசை வாசலைத் தாண்டும், எல்லாரும் என்னைத்தான் திட்டுவார்கள். நானும் சும்மா இருக்க மாட்டேன். "அழுத்தி வையுங்க, அழுத்தி வையுங்க" என்று நாள் முழுக்கக் கத்திக் கத்தி, என் தோள்பட்டை இரண்டும் மேலே ஏறிக் காதுக்குப் பக்கத்திலேயே குடித்தனம் வைத்துவிட்டன. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேன் என்று மகள் சொன்னாள். போதாதற்குப் பிரஷர் வேறு. மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர், "கோவத்தக் கம்மி பண்ணுங்கம்மா, அதுக்கு எங்கிட்ட மாத்திரை இல்ல" என்றார். அவரிடமே கோபித்துக்கொண்டு வந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் கள்ளக்குறிச்சியில் ஒரு பெண் சிகுங் என்று ஒரு சீன மூச்சுப் பயிற்சி சொல்லித்தருகிறாள் என்று கேள்விப்பட்டேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். பிசியோதெரபி படித்துவிட்டுச் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது, அங்கே பூங்காவில் காலையில் கூடுகிற சீனர்களிடம் கற்றுக்கொண்டாளாம். வகுப்பு ஒரு கல்யாண மண்டபத்து மாடியில், பந்தி நடக்கும் கூடத்தில். காலை ஆறு மணிக்குப் போனால் முந்தின நாள் சாம்பார் வாசனை இன்னும் அங்கேயே நிற்கும். நாங்கள் ஏழு பேர். பேர்தான் வாயில் நுழையாத பேர், விஷயம் ரொம்ப எளிது. மெதுவாக அசைய வேண்டும், அசையாமல் நிற்க வேண்டும், மூச்சை அடிவயிறு வரை விட வேண்டும். அவ்வளவுதான்.

வீட்டில் வந்து சொன்னேன். "இன்னாது, சிக்குன்குனியாவா?" என்றார் வீட்டுக்காரர். விளையாட்டாகச் சொன்னது சுவரைத் தாண்டிப் போய், அன்று சாயந்தரமே பக்கத்து வீட்டம்மா ஒரு சொம்பு நிறைய நிலவேம்புக் கசாயத்தோடு வந்து நின்றார். "மூட்டு வலி எப்டிம்மா கீது? போவப் போவ சரியாப்பூடும், குடி" என்றார். எப்படி இல்லை என்று சொல்வது? அந்தக் கசப்பு முழுவதையும் அவர் கண்ணெதிரே குடித்துத் தொலைத்தேன்.

முதல் மாதம் எனக்கு ஒன்றும் வரவில்லை. முழங்காலை லேசாக மடக்கி, இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் வளைத்து, ஒரு பெரிய பலூனை அணைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு நிற்கச் சொல்வாள். "ஏம்மா, பலூனெல்லாம் எனக்குப் பழக்கமில்ல. அரிசி மூட்டைன்னு சொல்லு, புரியும்" என்றேன். "மூட்டைன்னா இறுக்கிப் பிடிப்பீங்கக்கா. இறுக்காதீங்க. விடுங்க. தோளை விடுங்க" என்றாள். வகுப்பு முழுக்க அவளுக்கு இந்த ஒரே பாட்டுதான். விடுங்கக்கா, விடுங்க. விட எனக்குத் தெரியவில்லை. அவள் மூன்று நிமிடம் போதும் என்பாள், நான் ஐந்து நிமிடம் நிற்பேன். கால் நடுங்கினால் நிறுத்தச் சொல்வாள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்குவேன். சும்மா நிற்பதில்கூட முதல் மார்க் வாங்கப் பார்த்தேன்.

ஆனால் ஆறாவது வாரத்தில் ஒரு நாள் ஒன்று நடந்தது. கண்ணை மூடி நின்றிருந்தபோது இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இளஞ்சூடாக ஏதோ நிரம்பியது. இட்லிக் குண்டானைத் திறந்ததும் எழும் ஆவியில் கை காட்டுகிற மாதிரி. அரை நிமிடம்கூட இருக்காது. கண்ணைத் திறந்தபோது எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. அதிலிருந்து அந்தச் சூட்டுக்காகத் தினமும் நின்றேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மாற்றல் வந்தது. மலைக் கடையில் ஆள் இல்லை, ஆறு மாதம் போய்ப் பார்த்துக்கொள் என்றார்கள். ஒரு மூச்சு சண்டை போட்டுப் பார்த்தேன். நடக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு என் தலையெழுத்தைத் திட்டிக்கொண்டே வந்தவள், பாதி மலையில் ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து மடியில் உட்கார்ந்ததும் வாயை மூடிக்கொண்டேன். வெள்ளிமலையில் ஒரு அறை பார்த்து வைத்திருந்தார்கள். அன்று இரவு நான் பல்லைக் கடிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் விடிந்ததும் எழுந்து தலைக்கு ஊற்றிக்கொண்டேன். அந்தக் குளிரில் முடி எங்கே காயும்? அப்படியே விரித்துப் போட்டுக்கொண்டேன். பயிற்சிக்கென்று வாங்கிய பருத்திச் சுடிதாரை மாட்டினேன். தொளதொளவென்று இருக்க வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னதால் கடையில் இருந்ததிலேயே பெரிய அளவு வாங்கியிருந்தேன். அது மஞ்சள் நிறத்தில்தான் கிடைத்தது. நல்ல பூசுமஞ்சள் நிறம். காலில் தட்டையான வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, நிற்கும்போது கால் வழுக்காமல் இருப்பதற்கு. இந்தக் கோலத்தில் நடக்க ஆரம்பித்தேன்.

ரோட்டை விட்டு இறங்கி ஒரு ஒற்றையடிப் பாதை சாமை வயலுக்கு நடுவில் போனது. பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் வெள்ளையாக இருந்தது. எங்கேயோ ஒரு மாட்டின் மணி கேட்டது, மாட்டைக் காணோம். நான் நடக்கிறேனா, நின்ற இடத்திலேயே நிற்க மலைதான் என்னைத் தாண்டிப் போகிறதா என்று தெரியாத மாதிரி இருந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய மரமும் அதன் அடியில் கூடம் மாதிரி தட்டையான ஒரு பாறையும் வந்தன. இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று ஏறி நின்றேன்.

முழங்காலை மடக்கினேன். கையை வளைத்தேன். கண்ணை மூடினேன். மூச்சு தானாக அடிவயிற்றுக்குப் போனது. இலையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. உள்ளங்கைச் சூடு வந்தது. இந்தத் தடவை அது போகவே இல்லை. முழங்கை வரைக்கும், பிறகு நெஞ்சு வரைக்கும் ஏறியது. மூன்று நிமிடம் எப்போதோ போயிருக்கும். பத்து, பதினைந்து, எனக்குத் தெரியாது. கால் நடுங்க ஆரம்பித்தது. நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு நிறுத்த மனம் வரவில்லை. நடுக்கம் தொடையிலிருந்து இடுப்புக்கு ஏறி, உடம்பு முழுவதும் உதறியது. அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தபடி மூச்சைச் சத்தமாக வெளியே விட்டேன். ஸ்ஸ்ஸ் என்று ஒன்று. ஹா என்று நீளமாக ஒன்று.

"தாயே" என்று ஒரு குரல் கேட்டது.

கனவுக்குள் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். மறுபடியும் கேட்டது. கண்ணை லேசாகத் திறந்தேன். பாறைக்குக் கீழே ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், ஈரச் சேலையோடு கையைக் கூப்பி நின்றாள்.

"தாயே, நீ வந்துட்டியா. கூப்புட்ட கொரலுக்கு வந்துட்டியா. எம் புருசன் அஞ்சு நாளா காய்ச்சல்ல கெடக்குறாரு தாயே. கண்ணெல்லாம் மஞ்சளாக் கீது. கஞ்சி எறங்கல. ராவுல யார் யாரு பேரோ சொல்லிப் பொலம்புறாரு. கீழ ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா வர மாட்டேங்கிறாரு. திருநாளுக்குக் காப்பு கட்டிக்கினு கீறேன், எல்லையத் தாண்டுனா ஊருக்கே ஆவாதுங்கிறாரு. நீ சொல்லு தாயே. காப்பு கட்டுன ஒடம்பு எல்லையத் தாண்டலாமா, கூடாதா?"

எனக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. எங்கள் ஊரிலும் உண்டு. திருவிழாவுக்குக் காப்பு கட்டிக்கொண்டவர்கள் அது முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டிப் போய்த் தங்க மாட்டார்கள். சாமியே உத்தரவு கொடுத்தால்தான் உண்டு. விரித்த தலை, மஞ்சள் துணி, நடுங்குகிற உடம்பு, உஸ்ஸென்று மூச்சு. இவள் என்மேல் சாமி வந்திருப்பதாக நினைத்துவிட்டாள்!

நான் சாமி இல்லை, ரேஷன் கடைக்காரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சத்தியமாக. ஆனால் அப்படிச் சொன்னால் இவள் அடுத்து யாரைக் கேட்பாள்? அந்த ஆள் அங்கேயே கிடப்பான். ஐந்து நாள் காய்ச்சல், மஞ்சள் கண், பிதற்றல். இதற்கு டாக்டர் படிப்பு படித்திருக்க வேண்டியதில்லை. சரி, போ என்று சொல்லிவிடலாம் என்றால், சாமி பெயரில் பொய். அதுவும் ஆடி மாதத்தில், ஊரே விரதம் இருக்கும்போது. போகிற வழியில் அந்த ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? காப்பை மீறியதால்தான் செத்தான் என்று இவளை ஊரே தூற்றும். உத்தரவு யார் கொடுத்தது? நான். என் கால் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. இப்போது அது பயிற்சி நடுக்கம் இல்லை, பயம்.

"கூட்டிக்கினு போ" என்றேன். "இன்னிக்கே போ. எல்லைய நான் பாத்துக்கறேன்."

அந்தக் குரல் என்னுடையது மாதிரியே இல்லை. கடையில் கீச்சென்று கிளம்பும் என் குரல், அன்றைக்கு அடிவயிற்றிலிருந்து கனத்து வந்தது. எட்டு வாரமாகக் கள்ளக்குறிச்சிப் பெண் எதை வரவழைக்கப் பாடுபட்டாளோ அது அந்த நேரம் பார்த்தா வர வேண்டும்?

அவள் தடாலென்று விழுந்தாள். அவள் கை என் ஷூவின் மேல் பட்டது. விரல்கள் ஒரு கணம் கயிற்று முடிச்சின் மேல் நின்றன. பிறகு எழுந்து, திரும்பிப் பார்க்காமல் ஓடி, அந்த வெள்ளைக்குள் மறைந்துவிட்டாள்.

அப்படியே பாறையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் மரத்தின் பின்பக்கம் கண்ணில் பட்டது. மஞ்சள் பூசிய ஒரு கல். பக்கத்தில் எலுமிச்சம்பழம் குத்திய சூலம். அட பாவி மகளே, சாமி இடத்தில் செருப்புக் காலோடு ஏறி நின்று, சாமிக்குப் பதிலாக வாக்கும் சொல்லிவிட்டாயே! அவசர அவசரமாக ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எத்தனை தடவை போட்டுக்கொண்டேன் என்று தெரியாது. கன்னம் எரிந்தது.

அதற்குப் பிறகு வந்த மூன்று வாரத்தை நான் எப்படித் தள்ளினேன் என்று எனக்குத்தான் தெரியும். பயிற்சியை அடியோடு விட்டுவிட்டேன். மஞ்சள் சுடிதார் பைக்கு அடியில் போனது. தலையை இழுத்துக் கொண்டை போட்டு, கண்ணாடியும் மாஸ்க்குமாகக் கடையில் உட்கார்ந்தேன். வருகிற பெண்களில் அவள் இருக்கிறாளா என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். அவள் வரவில்லை. வராதது இன்னும் பயமாக இருந்தது.

ஒரு நாள் அறைக்குத் திரும்ப ஜீப்பில் வரும்போது, சும்மா கேட்கிற மாதிரி டிரைவரிடம் கேட்டேன். இந்தப் பக்கம் யாரையோ உடம்பு முடியாமல் கீழே கொண்டுபோனார்களாமே என்று.

"ஆமா மேடம், என் வண்டிலதான் எறக்குனேன். காப்போட எறக்குனோம். சாமியே நேர்ல வந்து உத்தரவு குடுத்துச்சாம்! எட்டடி ஒசரமாம், காலு தரையிலயே படலியாம்."

நான் ஐந்தடிக்கு ஓரிரு விரல்கடை கம்மி. "அந்த ஆளு இப்ப எப்படி இருக்காரு?" என்றேன்.

"இன்னும் ஆஸ்பத்திரிலதான் கீறாரு. பொழச்சாத்தான் தெரியும்" என்றார்.

அன்றிரவு படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, முகம் தெரியாத அந்த மனிதருக்காக வேண்டிக்கொண்டேன். எல்லையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன், எனக்கு எல்லை எது என்றுகூடத் தெரியாது, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்த மஞ்சள் கல்லிடம் சொன்னேன்.

மூன்றாவது வாரம் முடிந்த சனிக்கிழமை. மத்தியானம், கடை மூடுகிற நேரம். வரிசை முடிந்து நான் மெஷினை எடுத்து வைக்கப் போனபோது ஒரு கார்டு கவுண்டரில் வந்து விழுந்தது. நிமிர்ந்தால் அவள். இளைத்திருந்தாள். குனிந்தபடியே மெஷினை நகர்த்தினேன். கட்டை விரலை வைத்தாள். ரேகை விழவில்லை. புல் அறுத்து அறுத்துத் தேய்ந்த விரல். மறுபடி வைத்தாள், விழவில்லை. வழக்கமாக என்றால் அழுத்தி வையுங்க என்று கத்தியிருப்பேன். அன்றைக்குச் சத்தம் வரவில்லை. எட்டி அவள் விரலை என் கையில் பிடித்து, மெதுவாக மெஷினில் வைத்தேன். விழுந்தது.

அவள் விரலை எடுக்கவில்லை. கவுண்டருக்கு மேல் எட்டிக் கீழே பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கேன்வாஸ் ஷூ. எல்லாவற்றையும் மறைத்தவள் அதை மறைக்க மறந்திருந்தேன்.

"பொழச்சிட்டாரு" என்றாள். "நேத்து வூட்டுக்குக் கூட்டியாந்துட்டேன். இன்னும் ரெண்டு நாளு தாமசம் ஆயிருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு டாக்டரு சொன்னாரு."

எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. மாஸ்க்கை இழுத்துவிட்டு, "என்ன மன்னிச்சிடும்மா, நான் சாமி இல்ல. அது ஒரு மூச்சுப் பயிற்சி, சீனாக்காரங்களது, கால் நடுங்குச்சு, நான் நிறுத்தியிருக்கணும்..." என்று உளறிக் கொட்டினேன்.

அவள் சிரித்துவிட்டாள். "அது எனக்கு அன்னிக்கே தெரியும் மேடம். சாமி இன்னா, பூட்ஸ் போட்டுக்கினா வரும்?"

பேசத் தெரிந்த நாளிலிருந்து என்னை இப்படி யாரும் வாயடைக்க வைத்ததில்லை. கடைசியில், "அப்புறம் ஏம்மா ஓடுன?" என்று கேட்டேன்.

"மொதல்ல நெசமாத்தான் நெனச்சேன். வுழுந்து கும்புட்டப்பதான் ஷூ கையில பட்டுது. ஆனா அதுக்குள்ள நீங்க சொல்லிட்டீங்களே. அஞ்சு நாளா எம் புருசனாண்ட கெஞ்சுறேன், நான் சொன்னா கேக்கலியே. சாமி சொல்லுச்சுன்னு நானாப் போயி பொய் சொல்ல முடியுமா? நாக்கு அழுகிடாது? கல்லாண்ட போயி அழுதேன். அது பேசல. நீங்க பேசுனீங்க. கேட்டதப் போயிச் சொன்னேன். அவ்ளோதான்."

"எட்டடி ஒசரம்னு சொன்னியாமே?"

"நான் சொல்லலீங்க. ஜனங்க வளத்தி வுட்டாங்க. ஷூவ மட்டும் நான் யாராண்டயும் சொல்லல."

"இருந்தாலும் தப்பும்மா. சாமி பேர்ல பேசிட்டேன். மூணு வாரமாத் தூக்கமில்ல" என்றேன்.

அவள் அரிசிப் பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "வுடுங்க மேடம்" என்றாள், ரொம்பச் சாதாரணமாக. "ஆடுனது நீங்க. பேசுனது ஆருன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வுடுங்க."

கல்யாண மண்டபத்து மாடியில் எட்டு வாரம் கேட்டும் எனக்கு ஏறாத சொல் அது. அவள் பாதையில் இறங்கிப் போனதைப் பார்த்தபடி நின்றேன். மலைச்சரிவில் மறுபடி மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் கழித்தோ என் தோள்பட்டை இரண்டும் அதனதன் இடத்தில் இருப்பதைக் கவனித்தேன்.

மறுநாள் காலை அந்தப் பாறைக்குப் போனேன். ஷூவைத் தூரத்திலேயே கழற்றி வைத்தேன். தலையை முடிந்திருந்தேன். கல்லுக்கு ஒரு கும்பிடு போட்டு, அதன் இடத்தை விட்டுத் தள்ளி, வயல் ஓரத்து மண்ணில் வெறுங்காலோடு நின்றேன். மூன்றே மூன்று நிமிடம். கால் நடுங்குவதற்கு முன்னால் நிறுத்திவிட்டேன்.

ஆறு மாதம் முடிந்து இப்போது வடக்கனந்தலுக்கே திரும்பி வந்துவிட்டேன். வாய் இன்னும் ஜாஸ்திதான், அதெல்லாம் போகாது. ஆனால் மெஷினில் யாருக்காவது ரேகை விழாதபோது அவர்கள் விரலை எட்டிப் பிடிக்கிறேன், பிடிக்கும்போதெல்லாம் என் உள்ளங்கையில் அந்த மலைக்காலைச் சூடு வருகிறது, அது யாருடைய சூடு என்று நான் கேட்பதில்லை.